படுத்திருக்கும் அண்ணனின் பக்தன்

திருப்பதிக்குப் போவதாக வாயைத் திறந்தால் போதும், சென்னையில் கேள்விகள் ஒரு வரிசைக்கிரமத்தில் வரும். முந்நூறு ரூபாய் டிக்கெட்டா, சர்வ தரிசனமா? நடந்தா, பஸ்ஸிலா? ரூம் கிடைத்ததா? கடைசியில், அதில் தனக்கு அக்கறையே இல்லாதது போல் முகத்தை வைத்துக்கொண்டு, "இப்பல்லாம் லட்டு எத்தனை குடுக்கறாங்க?"

"மலைக்குப் போகலைக்கா. கீழ்த் திருப்பதியில சனி, ஞாயிறு சும்மா இருந்துட்டு வரப்போறோம்" என்றேன் எதிர்வீட்டு அக்காவிடம்.

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "ஊர்ல யாராச்சும் தவறிட்டாங்களா தம்பி?" என்றார். தீட்டுக்காரனைத் தவிர வேறு எவனும் அடிவாரம் வரை போய்விட்டு மேலே ஏறாமல் திரும்புவான் என்று அவரால் நினைக்கவே முடியவில்லை.

என் பக்கத்து நியாயம் எளிமையானது. ரேஷன் கடை, ஆதார் திருத்தம், பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என்று ஆண்டு முழுவதும் யாராவது ஒருவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். ஓய்வு என்றால் முதலில் முன்னால் முதுகு இருக்கக் கூடாது. ஏழுமலையான் மேல் எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. அவர் நிற்கிறார், ஆகவே நாமும் நிற்கிறோம்; அது மரியாதை. ஆனால் அதே ஊரில், அதே மலையின் அடியில், அவருடைய அண்ணன் ஒருவர் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். வாரக் கடைசிக்கு உரிய தெய்வம் அவர்தான் என்பது என் கட்சி. மனைவி போன மாதம்தான் தன் அக்காவோடு போய் மலையேறி வந்திருந்தாள். அதனால் இந்தக் கட்சிக்கு இரண்டாவது உறுப்பினரும் கிடைத்தாள்.

சப்தகிரி எக்ஸ்பிரஸில் பெட்டி முழுக்க மஞ்சள் துணியும் புளியோதரை வாசனையும். அரக்கோணம் தாண்டித் திருத்தணி வரும்போது எனக்கு எப்போதும் ம.பொ.சி. நினைவு வரும். தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வடக்கு எல்லை வேங்கடம் என்கிறது. அந்த வேங்கடத்துக்காகத்தான் அவர் போராடினார். படாஸ்கர் பரிந்துரை வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைகள் மாறியபோது சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி நமக்கு வந்தது. மருமகன் கிடைத்தார், மாமா அந்தப் பக்கம் நின்றுவிட்டார். தமிழர்கள் அன்றிலிருந்து வாரம் தவறாமல் ரயிலேறிப் போய் அந்த இழப்பை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்தால், தீர்ப்பு எப்படி வந்திருந்தாலும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

அடுத்து புத்தூர். தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகிலும் 'புத்தூர் கட்டு' என்றொரு பலகை தொங்குமே, அந்தப் புத்தூர் இதுதான். எலும்பு முறிந்தவர்களுக்குப் பச்சிலை அரைத்துக் கட்டுப் போட்டே பெயர் வாங்கிய வட்டாரம். எதிரே இருந்த பெரியவர், மலைக்கு நடந்தே ஏறப்போகும் தன் பேரனிடம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "வர்றப்ப இங்க இறங்கணும், பாத்து வெச்சிக்கோ" என்றார்.

திருப்பதியில் விடுதி வரவேற்பில் இருந்த பையன் தெலுங்கும் தமிழுமாகக் கேட்டான்: "தர்சனம் எப்புடு சார்? மேல போக வண்டி சொல்லட்டா?"

"தரிசனம் இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு சார் வந்தீங்க?"

"தூங்கறதுக்கு."

அவன் என் ஆதார் அட்டையை மறுபடி வாங்கி, இந்தமுறை பின்பக்கத்தையும் படித்தான்.

இந்த இடத்தில் என் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது வயதில் நெற்றியில் ஆரம்பித்து, பின்னாலும் ஒரு குழு கிளம்பி, இரண்டும் உச்சியில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்ட தலை அது. ஓரங்களில் மிச்சம் இருப்பதை நானே வாராவாரம் மழித்துவிடுகிறேன். சென்னையில் இது என் சொந்த விவகாரம். திருப்பதியிலோ இது சீருடை. ரயில்வே ஸ்டேஷன் எதிரே டீ குடிக்க நின்றால் பக்கத்தில் நிற்கும் மொட்டைகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. "எந்தக் கியூ? எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று குசலம் விசாரிக்கிறார்கள். ஒருவர், "சந்தனம் பூசலையா? வெயில்ல எரியுமே" என்று தன் டப்பாவையே நீட்டிவிட்டார். மலைமேல் கல்யாணகட்டாவில் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, அதில் கோடிக்கணக்கில் வருமானம். என்னுடையது அத்தனையும் தலையணை உறையிலும் குளியலறைச் சல்லடையிலும் வீணாய்ப் போனது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "ஆச்சுங்க, நல்ல தரிசனம்" என்று தலையை ஆட்டிச் சந்தனம் பூசிக்கொண்டேன். மனைவி அந்தப் பக்கம் திரும்பி டீயைக் குடித்தாள்.

கோவிந்தராஜ சுவாமி கோயில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். மட்ல அனந்தராஜா கட்டிய ஏழுநிலைக் கோபுரம் கடைத்தெருவுக்குள்ளேயே எழுந்து நிற்கிறது. அதன் கீழே குங்குமம், செப்புப் பாத்திரம், மரப்பாச்சி பொம்மை, பிளாஸ்டிக் துப்பாக்கி என்று எல்லா வியாபாரமும் நடக்கும். உள்ளே பெருமாள் சயனக் கோலம். வைணவ மரபில் இவருக்குச் சிதம்பரத்துத் தொடர்பு உண்டு: தில்லையில் இருந்த கோவிந்தராஜரை ஒரு சோழ மன்னன் அப்புறப்படுத்தியபோது உற்சவரை இங்கே கொண்டுவந்தார்கள், ராமானுஜர் பிரதிஷ்டை செய்தார் என்பார்கள். அப்படியானால் இவர் நம்மூர்க்காரர், இடம்பெயர்ந்து வந்தவர். வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

உள்ளூர்க் கதை அதைவிட எனக்குப் பிடித்தது. தம்பி சீனிவாசன் பத்மாவதியைக் கட்டிக்கொள்ளக் குபேரனிடம் கடன் வாங்கினான். பணத்தை மரக்காலால் அளக்கும் பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது. அளந்தார், அளந்தார், அளந்துகொண்டே இருந்தார். அசந்துபோய் அதே மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி கலியுகம் முடியும்வரை நின்றுகொண்டு வட்டி கட்டுகிறார். கும்பகோணம் பக்கம் ஆதனூரிலும் ஆண்டளக்கும் ஐயன் மரக்காலைத் தலைக்கு வைத்துத்தான் படுத்திருக்கிறார். கணக்குப் பார்த்தவர்களுக்குத் தூக்கம் வரும் என்பதற்கு இரண்டு மாநிலங்களில் சான்று இருக்கிறது. தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான் நெகிழ்ந்துபோனேன். கூட்டம் கொஞ்சம்தான். நின்று, பார்த்து, மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தபோது நிழல் வேறு தூணுக்குப் போயிருந்தது.

வெயில் தாழ ஆட்டோ பிடித்துத் திருச்சானூர் போனோம். ஓட்டுநர் தமிழில் சரளமாகப் பேசினார். போன மாதம் கங்கம்மா ஜாத்திரையில் தானும் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு ஊர்வலம் போனதைச் சொன்னார். மே மாதத்தில் ஒரு வாரம் திருப்பதி ஆண்கள் பெண் வேடம் போட்டுத் தெருவில் இறங்குவது தாத்தய்யகுண்ட கங்கம்மாவுக்கு நேர்த்தி. "புஷ்பா ரெண்டுல அல்லு அர்ஜுன் கட்டினாரே, அதேதான் சார். என் சம்சாரம் புடவையத்தான் எடுத்தேன். இன்னும் பேசமாட்டேங்குறா, ஜாக்கெட்டப் பிரிச்சுத் தெச்சிட்டேன்னு." கங்கம்மா பெருமாளுக்குத் தங்கை முறை. மலையிலிருந்து அவளுக்குச் சீர் வருகிறது.

அப்போதுதான் இந்தக் குடும்ப அமைப்பு எனக்குப் பிடிபட்டது. அண்ணன் கீழே, தங்கை கீழே, சம்சாரம் திருச்சானூரில். ஏழு மலைக்கு மேல் தன்னந்தனியாக நின்று வேலை பார்க்கிறவர் ஒருவர்தான். வளைகுடாவுக்குப் போன பிள்ளை மாதிரி. அவரும் இரவானால் தாயாரைப் பார்க்க மலையிறங்கி வருகிறார், நடந்து நடந்து பாதுகை தேய்ந்துபோகிறது என்று ஐதீகம். அலிபிரியில் பக்தர்கள் அவருடைய பாதுகையைத் தலையில் வைத்துச் சுற்றுவதைப் பார்க்கலாம். பெருமாளே இரவில் தங்க வரும் ஊரில் நான் மட்டும் மேலே போக வேண்டும் என்று அடம்பிடிப்பது என்ன நியாயம்?

சந்திரகிரிக்கு மனைவி சம்மதித்தது, கோட்டையில் நிழல் இருக்கும் என்று நான் சொன்னதால். தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகர அரசர்கள் பெனுகொண்டா போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தார்கள். ராஜமஹால் மூன்று அடுக்கு. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்துதான், மரம் சேர்க்காமல் கட்டியது. உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1639இல் ஃபிரான்சிஸ் டே தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் மதராசப்பட்டினத்துக் கடற்கரை மணலைக் கேட்டு வாங்கினாரே, அந்தக் கொடைக்கு ராயரின் ஒப்புதல் இந்த மஹாலில்தான் கிடைத்தது என்று சொல்வார்கள். நாயக்கரின் அப்பா சென்னப்ப நாயக்கர் பெயரால்தான் நாம் சென்னைக்காரர்கள் ஆனோம்.

"அப்ப நம்ம ஊரோட மூலப் பத்திரம் எழுதின இடம்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் வாங்க அலைந்தவள் அவள். "டே வில்லங்கம் போட்டுப் பாத்திருப்பாரா?" என்று கேட்டுக்கொண்டே படியேறினாள். பார்த்திருந்தால் வேளச்சேரியில் மழைக்காலத்தில் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். கிருஷ்ணதேவராயர் 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை திருமலைக்கு வந்து கொட்டிக் கொடுத்தார். பக்கத்தில் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை இருக்கிறது, அதன் வழியாகத்தான் அவர் ஏறினார் என்று காவலாளி கையைக் காட்டினார். நானும் கையை நெற்றிக்கு மேல் வைத்து மரியாதையாகப் பார்த்தேன். பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது.

ராத்திரி ராகி சங்கடியும் நாட்டுக்கோழிப் புலுசும். பந்தாக உருட்டி, நடுவில் குழி பறித்து, நெய் ஊற்றி வைக்கிறார்கள். அதற்குப் பிறகு படிக்கட்டு என்ற சொல்லே காதில் விழக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சித்தூர்ப் பக்கம், காணிப்பாக்கத்துக்கு. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 2022 ஏப்ரலில் பாகப்பிரிவினை ஆனபோது ஏழுமலையானும் காளஹஸ்தி ஈசனும் திருப்பதி மாவட்டத்தோடு போய்விட்டார்கள். மூத்த வீட்டுக்குப் பிள்ளையாரும் மாந்தோப்பும் மிச்சம். தோப்பு என்றால் கண்ணுக்கு எட்டியவரை கிளிமூக்கு. நாம் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்னும் அதே காயை இங்கே பழுக்கவிட்டுக் கூழாக்குகிறார்கள். சீசன் என்பதால் கூழ் ஆலை வாசலிலிருந்து சாலை வரைக்கும் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள், முன்னால் இருப்பதன் முதுகைப் பார்த்தபடி நின்றன. இந்தச் சீமையில் மாங்காய்க்கும் கியூதான். ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துக் கோவிந்தராஜர் கோலத்தில் இருந்தார்கள்.

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கிணற்றிலிருந்து தோன்றியவர், இன்னும் வளர்ந்துகொண்டே இருப்பவர். முன்னொரு காலத்தில் செய்து போட்ட வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குப் பற்றவில்லையாம். எனக்கு என் கல்யாணச் சட்டையின் நினைவு வந்தது. அதைவிட அவர் பிரசித்தம் சத்தியத்துக்கு. களவு, கொடுக்கல் வாங்கல், குடி எதுவானாலும் குளத்தில் முழுகிவிட்டு அவர் முன்னால் பிரமாணம் செய்தால் விவகாரம் முடிந்தது. ஆந்திர அரசியல்வாதிகளே "காணிப்பாக்கத்துக்கு வந்து சத்தியம் பண்ணத் தயாரா?" என்றுதான் ஒருவருக்கொருவர் சவால் விடுவார்கள்.

அங்கே கியூ இருந்தது. அதுவும் வளைந்து வளைந்து, கம்பித் தடுப்புக்குள். எனக்கு முன்னால் இருந்த முதுகு திரும்பியது. மாந்தோப்புக்காரர், எழுபது வயது இருக்கும். சந்தனம் காய்ந்துபோன என் தலையைப் பார்த்து, "மேல தரிசனம் நல்லா ஆச்சாப்பா?" என்றார்.

பழக்கதோஷத்தில் தலை ஆடத் தொடங்கிவிட்டது. "ஏங்க, இங்க பொய் சொல்லாதீங்க" என்று மனைவி இடுப்பில் இடித்தாள்.

"இல்லீங்கய்யா. மேல போகவே இல்ல."

"பின்ன இந்த மொட்டை?"

"அது தானா போனது."

"எத்தினி வருசமா?"

"பத்துப் பதினஞ்சு வருஷமா, கொஞ்சம் கொஞ்சமா."

அவர் யோசித்தார். முன்னால் இருந்தவரிடம் தெலுங்கில் சங்கதியைச் சொன்னார். அவர் தனக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னார். வரிசையே திரும்பி என் தலையைப் பார்த்தது.

"அவருக்கும் கட்ட வேண்டிய வட்டி இருக்குதில்ல?" என்றார் பெரியவர். "நீ ஏறிப்போய்க் குடுக்கல. ராத்திரி இறங்கி வர்றாரே, அப்படியே உன் ஊட்டாண்ட வந்து தவணையில வசூல் பண்ணினு போயிருக்காரு."

"ரசீது ஏதாச்சும் குடுப்பாரான்னு கேளுங்க" என்றாள் மனைவி.