கிழக்கு தெரிந்த ஊர்

மதுரை மேல மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் இறங்கி ஒதுங்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சந்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவதற்குள் அழுகை வந்துவிடும்.

ஆனால் வழி தவறியதில்லை. மளிகை வாங்கக் கீழ மாசி வீதிக்கு அனுப்பும்போது அப்பத்தா இடது, வலது என்று சொல்லவே மாட்டார். "கெழக்க பாத்து நட, கோபுரத்துக்குத் தெக்கால திரும்புடா" என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஊரே திசைகாட்டி. மீனாட்சி கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எல்லாவற்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். சாமி எந்த மாதம் எந்த வீதியில் வலம் வந்ததோ அந்த மாதமே வீதிக்குப் பெயர்.

மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். மாதம் மாறியும் தேர் அதே மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. வீதியும் பழைய பெயரை விடவில்லை. தேர் முக்கில் திரும்புவதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். வடம் பிடித்தவர்கள் மூச்சு வாங்கி நிற்பார்கள். சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர் கையை உயர்த்துவார். அந்த அகலமும் அந்த முக்கும் யாருக்காக என்று அன்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வெளி வீதியின் கதை வேறு. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்; அந்த இடத்தில் வந்ததுதான் வெளி வீதி. அந்த வேலையில் முன்நின்ற மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன.

வேலை கிடைத்துச் சென்னை வந்தபோது அண்ணா நகரில்தான் வீடு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த பகுதி அது; பூங்காவில் நிற்கும் கோபுரம் அந்தக் கண்காட்சிக்காகக் கட்டியது. நேர்க்கோடாகச் சாலைகள், எண் போட்ட அவென்யூக்கள், எழுத்து போட்ட பிளாக்குகள். பார்க்க வந்த அப்பா சாலை நடுவில் நின்று, "தெருன்னா இப்பிடி இருக்கணும்டா" என்றார். எனக்கும் அன்று அதே எண்ணம்தான்.

இன்று என் தெருவின் இரண்டு ஓரமும் கார்கள். என் காரும் அதில் ஒன்று. பேரனைக் கையைப் பிடிக்காமல் நடக்கவிட முடியவில்லை. அவென்யூவின் எண்ணைச் சொன்னால் ஆட்டோக்காரர், "சிந்தாமணி பக்கமா, ரவுண்டானா பக்கமா?" என்றுதான் கேட்கிறார். அத்தனை கவனமாகப் போட்ட எண்கள் யார் வாயிலும் தங்கவில்லை. கிழக்கு எது என்று பேரனைக் கேட்டேன். போனை எடுத்துப் பார்த்தான்.

நான் அவசரமாக விட்டு வந்த ஊரில், சித்திரை வீதிகளுக்குள் இப்போது வண்டிகளை விடுவதில்லை. போன முறை அங்கே அவன் கையை விட்டேன். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினான்.

மதுரைக்குப் போகிறவர்கள் சாமி கும்பிட்டதும் பஸ் ஏறிவிடாதீர்கள். கீழ மாசி வீதித் தேர்முட்டியில் தொடங்கி நான்கு மாசி வீதிகளையும் வலமாக ஒரு சுற்று நடந்து வாருங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள்.