லீவுத் தாத்தா

ஏப்ரல் பத்து வாக்கில் கர்நாடகத்துப் பள்ளிக்கூடங்கள் கதவைச் சாத்துகின்றன. அன்று சாயங்காலமே மைசூரில் லீவுத் தாத்தாக்கள் கடை திறந்துவிடுகிறார்கள். சரஸ்வதிபுரம், குவெம்புநகர், ஜெயலட்சுமிபுரம் என்று எந்தப் பேட்டைக்குப் போனாலும் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். அடையாளம் எளிது. தோளில் துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு, பின்னால் உயர வரிசைப்படி நாலைந்து குழந்தைகள். கடைசிக் குழந்தை சாதாரணமாக அழுதுகொண்டிருக்கும்.

பென்ஷன்காரர்களின் சொர்க்கம் என்று மைசூருக்கு வெகுநாளாகவே ஒரு பெயர் உண்டு. சொர்க்கத்தில் ஒருவருக்கு என்ன வேலை இருக்க முடியும்? காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் பேப்பர். வருஷத்தில் பாதிக்கு மேல் இப்படி ஓட்டியவருக்குப் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கியதும் பழைய ஆபீஸ் வேகம் திரும்பிவிடுகிறது. பெங்களூர் மகனின் பிள்ளைகள் முதல் பேட்ச். சென்னை மகளின் பிள்ளைகள் மாதக் கடைசியில் வந்து சேருவார்கள். முதல் பேட்ச் மே முடிகிற சமயத்தில் மூட்டை கட்டினாலும், இரண்டாவது பேட்ச் ஜூன் பிறந்த பிறகும் நின்று ஆடும். தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே தேதியில் பள்ளிக்கூடம் திறந்துவிடாமல் இருப்பது லீவுத் தாத்தாவுக்குக் கடவுள் செய்த சகாயம்.

இந்த இனத்தில் அசோகபுரம் ரயில்வே பணிமனையிலிருந்து வந்தவர்கள் உண்டு. பெமல் தொழிற்சாலையில் டம்பர் லாரி பூட்டியவர்கள் உண்டு. ஆனால் கலப்படமில்லாத அசல் ரகம் வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கிக்காக நோட்டு அடிக்கும் மைசூர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரைத்தான் பார்க்க வேண்டும். கண்ணெதிரே மலை மலையாக நோட்டு பிறப்பதைப் பார்த்தவர் இவர். அதில் ஒன்று கையை விட்டுப் போவதை இவரால் தாங்கிக்கொள்ளவே முடியாது. நான் சொல்லப்போகிறவர் இந்த ரகம்.

காலைப் பேப்பரை உதறினால் உள்ளிருந்து கோடைக்கால முகாம் நோட்டீஸ்கள் உதிரும். ரோபோட்டிக்ஸ், வேத கணிதம், ஆளுமை வளர்ச்சி, நெருப்பில்லாச் சமையல். மருமகள் ஒன்றை எடுத்துப் புரட்டினால் போதும்.

"நெருப்பில்லாம சமைக்கக் கத்துக்க நாலாயிரமா? நாப்பது வருஷமா நெருப்போட சமைக்கிற உங்க அத்தைக்கு நான் ஒரு ரூபா கொடுத்ததில்லையேம்மா!"

சமையலறையிலிருந்து ஒரு பாத்திரம் சற்று பலமாக வைக்கப்படும். தாத்தா அதைக் கவனிக்க மாட்டார்.

காசு கட்டிப் போகும் முகாம்களில் இவர் மதிப்பது ரங்காயணத்தின் 'சின்னர மேளா' ஒன்றைத்தான். 1989-ல் பி. வி. காரந்தை முதல் இயக்குநராக வைத்துக் கர்நாடக அரசு தொடங்கிய நாடக நிறுவனம், ரங்காயணம். கோடையில் அங்கே குழந்தைகள் முகமூடி செய்து, பாட்டுக் கற்று, முடிவில் மேடையேறுகிறார்கள். இடம் கிடைப்பதற்குப் போட்டி அதிகம் என்பதால் விண்ணப்பம் தரும் நாளில் தாத்தா விடியுமுன்னே கிளம்பிவிடுவார். அரசாங்கம் நடத்துவதாகையால் அங்கே கட்டும் பணத்தை அவர் செலவில் சேர்ப்பதில்லை. தான் கட்டிய வருமான வரி தவணை முறையில் திரும்பி வருவதாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பேரன் நாடகத்தில் மரமாக வந்து முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வீட்டில் அவன் அரை நிமிடம் அசையாமல் நின்று யாரும் பார்த்ததில்லை. அந்த வகையில் அந்தப் பணம் வசூலாகிவிட்டது.

மற்ற நாட்களுக்கெல்லாம் ஊர்தான் முகாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம். ஏதோ வங்கி பத்து வருஷத்துக்கு முன் இனாமாகக் கொடுத்த டைரி. நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் 'செலவு'. வலப்பக்கம் 'மிச்சம்'. செலவுப் பக்கம் காலியாகவே கிடக்கும். மிச்சப் பக்கத்தில்தான் இவருடைய ஆயுள் சாதனை. போகாத தண்ணீர் விளையாட்டுப் பூங்கா, ஆளுக்கு இவ்வளவு என்று வரவு வைக்கப்படும். ஏறாத ஆட்டோ, குடிக்காத ஐஸ்கிரீம் சோடா, சேராத ரோபோட்டிக்ஸ், எல்லாம் வரவு. மே மாத நடுவில் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகை நாற்பதாயிரத்தைத் தாண்டி நிற்கும்.

"ஏங்க, இந்த நாப்பதாயிரம் எங்க இருக்கு?" என்று பாட்டி ஒருநாள் கேட்டுவிட்டார். "எடுத்துக் குடுங்க, ரெண்டு வளையல் வாங்கிக்கிறேன்."

தாத்தா டைரியை மூடி வைத்தார். கணக்குத் தெரியாதவர்களோடு என்ன பேசுவது?

பஸ் விஷயத்தில் இவருக்கு நேர்ந்த சோதனை தனிக்கதை. 2023 ஜூன் 11-ம் தேதி முதல் கர்நாடகத்தில் சக்தி திட்டம். மாநிலத்துப் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்களில் கட்டணமில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் கண்டக்டர் ஜீரோ டிக்கெட் கிழித்துத் தருவார். பாட்டிக்கு ஜீரோ. பெங்களூர்ப் பேத்திக்கு ஜீரோ. பேரனுக்கு அரை டிக்கெட், தாத்தாவுக்கு முழு டிக்கெட். அதுவரைக்கும் ஆண் வாரிசு பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தவர் அன்றோடு நிறுத்திக்கொண்டார். சென்னைப் பேத்தி வந்ததும் வேறு சிக்கல். அவளுடைய ஆதார் தமிழ்நாட்டு ஆதார்.

"எங்க ஊர்ல லேடீஸ்னா போதும் தாத்தா, கார்டே கேக்க மாட்டாங்க!"

"அங்க பாட்டிக்கும் டிக்கெட் கிடையாதா?"

"கிடையாது. இந்த ஊர் பாட்டிக்கும் கிடையாது."

தாத்தா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. காவிரிக்கு அடுத்தபடியாக இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினை இதுதான் என்று இறங்கும்போது சொன்னார்.

மிருகக்காட்சி சாலைக்கு இவர் வைத்திருக்கும் உத்தி பெயர் பெற்றது. 1892-ல் தொடங்கிய பழம்பெரும் தோட்டம், சாமராஜேந்திர உயிரியல் பூங்கா. அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எனவே குழந்தைகளை இவர் செவ்வாய்க்கிழமைதான் கூட்டிப் போவார். வாசலில் நின்று, "அடடா, இன்னிக்குன்னு பார்த்து மூடியிருக்கானே!" என்று நெற்றியில் அடித்துக்கொள்வார். நடிப்பில் பேரன் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்பது அப்போது விளங்கும். பிறகு மதில் ஓரமாக அழைத்துப்போய், "காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு கண்ணு, சிங்கம் கத்தும்" என்பார். பார்க்கத்தான் டிக்கெட், கேட்பதற்குக் கிடையாது. சிங்கம் கத்துகிற நாளும் உண்டு. கத்தாத நாளில் தெருவில் போகும் டிராக்டரைக் காட்டிவிடுவார்.

ஆனால் விடுமுறைக் கூட்டம் நெரியும் காலத்தில் பூங்காவைச் சில செவ்வாய்களிலும் திறந்துவிடுகிறார்கள். இது தாத்தாவுக்குத் தெரியாது. போன மே மாதத்தில் ஒருநாள் வழக்கம்போல் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். கேட் விரியத் திறந்திருக்கிறது. உள்ளே ஜனம். "ஹைய்யா!" என்று குழந்தைகள் ஓடுகின்றன. டிக்கெட் கவுண்டரில் அவர் பர்ஸைத் திறந்ததைப் பார்த்தவர்கள், தையல் பிரிக்கிற டாக்டர் ஞாபகம் வந்ததாகச் சொல்கிறார்கள். உள்ளே நுழைந்தபின் பழி வாங்கினார். காலை எட்டரைக்குப் போனவர்கள் மாலை ஐந்தரைக்கு மணியடித்துத் துரத்திய பிறகே வெளியே வந்தார்கள். ஒவ்வொரு கூண்டிலும் பலகையை, விலங்கின் லத்தீன் பெயர் உட்பட, உரக்கப் படிக்கச் சொன்னார். ஒட்டகச்சிவிங்கி இவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. இரண்டாவது சுற்றில் அதை மறுபடி இந்தப் பக்கம் வந்து பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரண்மனை. பகலில் உள்ளே போனால் கட்டணம் என்பதால் பகல் அரண்மனையைப் பற்றி இவர் பேசுவதில்லை. ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் இரவு ஏழு மணிக்கு விளக்கு போடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள். அதற்குக் காசில்லை. ஆறேகாலுக்கே போய்த் துண்டு விரித்து இடம் பிடிப்பார். விளக்குப் போடுவதற்கு முந்தைய முக்கால் மணி நேரம் இருட்டுகிறதைப் பார்ப்பதும் நிகழ்ச்சியில் சேர்த்திதான். அப்போது சரித்திரம் ஓடும். 1897-ல் பழைய மர அரண்மனை கல்யாணச் சமயத்தில் தீப்பிடித்தது, அதே இடத்தில் ஹென்றி இர்வின் புதிதாகத் திட்டம் போட்டது, 1912-ல் வேலை முடிந்தது.

"சென்னை ஹைகோர்ட்டையும் அவருதான் கட்டி முடிச்சாரு, தெரியுமா?"

"அதை பஸ்ல போறப்பவே பார்ப்போம் தாத்தா. அந்த பஸ்ஸும் ஃப்ரீ."

சரியாக ஏழுக்கு, ஒரே நொடியில், கோபுரம் கும்மட்டம் மதில் வாசல் எல்லாம் பொன்னாகப் பற்றிக்கொள்ளும்போது மைதானம் முழுக்க ஒரே 'ஹோ'. அந்த நேரத்தில் தாத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். விளக்கைப் பார்க்க மாட்டார். குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருப்பார், பில்லைத் தானே கட்டுகிற மகாராஜா மாதிரி. வெளியே வந்ததும் சுருமுரி. பொரியில் மாங்காய், வெங்காயம், காரம் போட்டுக் காகிதக் கூம்பில் கொடுப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு கூம்பு. கடைசிக் குழந்தை அழுவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

ரயில் அருங்காட்சியகம் சீசனுக்கு ஒரு முறை. மகாராணியின் சலூன் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, பொம்மை ரயில் 'ரிப்பேர்' என்று அவரே அறிவித்துவிடுவார். குக்கரஹள்ளி ஏரிக்கு வாரத்தில் இரண்டு தரம். அங்கே பெலிக்கன் எண்ணும் போட்டி நடக்கும். பறவைகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் போட்டி முடிவதேயில்லை. இதைவிட லாபமான விளையாட்டை எந்த முகாமும் கண்டுபிடித்ததில்லை. ஏரிக்கரையில் எதிரே இன்னொரு லீவுத் தாத்தா தன் படையோடு வருவார். இருவரும் நின்று உளவுத் தகவல் பரிமாறிக்கொள்வார்கள். எங்கே இலவச மேஜிக் ஷோ, எந்த மண்டபத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார்கள், முடிவில் பிஸ்கட் உண்டா.

யாதவகிரியில் எழுத்தாளர் ஆர். கே. நாராயணின் வீடு இருக்கிறது. இடித்துவிட இருந்ததைக் காப்பாற்றி, 2016-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த தமிழர் என்று தாத்தாவுக்கு அவரிடம் சொந்தக்காரர் பாசம். பள்ளிக்கூடம் என்றாலே கசந்த சுவாமி என்ற கதைச் சிறுவனை 1935-லேயே உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் வீட்டுக்கு லீவில் போவதைவிடப் பொருத்தம் என்ன உண்டு? மாடியில் ஜன்னல்கள் சூழ்ந்த அந்த எழுத்தறையில் குழந்தைகள் முதன்முதலாகச் சும்மா நின்றார்கள். பிறகு கீழே, அவர் போட்ட கோட்டு வைத்திருந்த இடத்தில் சென்னைப் பேத்தி ரொம்ப நேரம் யோசித்தாள்.

"தாத்தா, உங்க ஸ்வெட்டர் இதைவிடப் பழசு. நாமளும் வீட்டை மியூசியமா வச்சா டிக்கெட் போடலாமா?"

தாத்தாவின் கண்களில் ஒரு மின்னல் வந்து போனது. இவள்தான் என் ரத்தம் என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

இவரைக் கஞ்சன் என்று சொல்கிறவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கஞ்சனுக்கு வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகள் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டால் போதும், சுருமுரிக் காசுகூட மிச்சம். இவர் எழுபது வயதில் ஊரை அளந்துவிட்டு, ராத்திரி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்கிறார். அந்தத் தைலம் டைரியில் எந்தப் பக்கமும் ஏறுவதில்லை. விடியற்காலை எழுந்து ஏழு பேருக்குப் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக் கொடுக்கும் பாட்டியும் ஏறுவதில்லை. தாத்தாவின் இலவச உலகம் அந்த டிபன் கேரியர் மேல்தான் நிற்கிறது என்பது தாத்தாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

மே மாத மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பாட்டி புதுப்புடவை கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டம்மாவோடு வாசலில் நின்றார். கையில் பையும் ஆதார் அட்டையும்.

"தர்மஸ்தலா போயிட்டு வரேங்க. பஸ்ஸு ஜீரோ டிக்கெட். அங்க சாப்பாடும் கோயில்லயே போடறாங்க. மூணு நாளாகும். எல்லாத்தையும் மிச்சத்துல எழுதிக்குங்க."

போய்விட்டார். அடுப்பு அணைந்திருந்தது. நாலு குழந்தைகளும் தாத்தாவைப் பார்த்தன. ஓட்டலில் நாலு குழந்தைக்கும் ஒரு பெரியவருக்கும் சாப்பாடு என்றால் என்ன ஆகும் என்று அவர் மனம் ஒரு கணம் போட்டுப் பார்த்துப் பதறியது. அடுத்த கணமே முகம் தெளிந்தது. சாமுண்டி மலை. மேலே கோயில் தாசோகத்தில் இலவசச் சாப்பாடு. ஆயிரம் படி, பதினேழாம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் போட்டது, ஏறுவதற்குக் கட்டணமில்லை.

"பஸ்லயே மேல போகலாமே தாத்தா!"

"பஸ்ல போனா பசி எப்படி எடுக்கும்?"

எழுநூறாவது படிக்குப் பக்கத்தில் ஒற்றைக் கல் நந்தி இருக்கிறது. அதன் நிழலைக் கண்டதும் நால்வரும் உட்கார்ந்துவிட்டார்கள். நந்தியைக் கிளப்பினாலும் கிளப்பலாம், அவர்களைக் கிளப்ப முடியாது. ஓரத்தில் இளநீர்க்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டு புன்னகை செய்தார். தாத்தா விலைகூடப் பேசவில்லை. ஐந்து இளநீர். குடித்து முடித்துச் செலவுப் பக்கத்தைத் தேடி எடுத்து எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"தரிசனம் ஆச்சுங்க. சாப்பாடும் ஆச்சு. சாம்பாரு, ரசம், பாயசம் எல்லாம் இருந்துச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

தாத்தா மேலே பார்த்தார்.

"இன்னும் முந்நூறு படி இருக்கு."