எங்கேயும் போகாத சைக்கிள்கள்

உல்சான், தென்கொரியா

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

போன வாரம் போனில், "லீவு நாளில் என்னடா பண்றே?" என்று கேட்டீர்கள். ஆற்றங்கரையில் நடக்கிறேன் என்றேன். "அங்கே என்ன வேலை?" என்றீர்கள். அதைப் போனில் விளக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். ஒரு வேலையும் இல்லை மாமா. அங்கே நடக்கிற யாருக்குமே ஒரு வேலையும் இல்லை.

ஆற்றின் பெயர் தேஹ்வா. நாற்பத்தேழு கிலோமீட்டர் நீளம். மலையில் பிறந்து, ஊருக்கு நடுவே வந்து கடலில் விழுகிறது. விழுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஹூண்டாய் தொழிற்சாலை. நம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தபோது வாயைப் பிளந்தோமே, அப்போது இந்தத் தொழிற்சாலைக்கு முப்பது வயது. கார்களைக் கப்பலேற்றச் சொந்தத் துறைமுகமே வைத்திருக்கிறார்கள்.

கரையோரமாக நடப்பவருக்கு ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டை யாரும் தாண்டுவதில்லை. ஒரகடம் சந்திப்பில் வண்டி ஓட்டிப் பழகியவனுக்கு இது பீதியாக இருக்காதா? ஒரு டிப்பர் லாரியாவது எதிர்த்திசையில் வந்தால்தான் மனசு சமாதானப்படும் போலிருக்கிறது.

சைக்கிள்காரர்களின் கோலத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, கழுத்திலிருந்து மூக்கு வரை துணி, கையுறை. பேங்கைக் கொள்ளையடிக்கப் போகிற கும்பல் என்றே நினைப்பீர்கள். முகமூடியைக் கழற்றினால் உங்கள் வயசுத் தாத்தா. நம் பக்கம் இப்போது சைக்கிள் மிதிப்பது ஷிஃப்ட் முடிந்து ரூமுக்குப் போகிற வடநாட்டுப் பையன்கள்தான். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவர்களும் பைக்குக்கு மாறிவிடுவார்கள். இங்கே பைக் விலைக்கு சைக்கிள் வாங்குகிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன். "அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வருவேன்" என்றார். அங்கே என்ன இருக்கிறது என்றேன். திரும்புகிற இடம் இருக்கிறதாம்.

இதையே பெரிய அளவிலும் செய்கிறார்கள். இஞ்சியோனிலிருந்து புசான் வரை பெரும்பாலும் ஆற்றோரமாகவே 633 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை, 2012-ல் திறந்தது. வழியில் சிவப்பு டெலிபோன் பூத் போன்ற பெட்டிகள். பாஸ்போர்ட் மாதிரி ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு, அதில் நாமே முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். கேட்க ஆளே இல்லை. உங்கள் மூளை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் வேறு வேறு முத்திரை மாமா. மிதித்துத்தான் ஆக வேண்டும்.

சமீபத்திய மோகம் வெறுங்காலில் நடப்பது. அதற்கென்று செம்மண் கொட்டிப் பாதை போட்டு, முடிகிற இடத்தில் கால் கழுவக் குழாயும் வைத்திருக்கிறார்கள். வல்லக்கோட்டை முருகனுக்கு நடந்து போகிறவர் முகத்தில்கூட அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை. நீங்கள் ஆயுசு பூராவும் ஏரிக்கரையில் செருப்பில்லாமல் நடந்தவர் என்று ஆபீஸில் சொன்னேன். உங்களை ஒரு சித்தர் என்று நம்பிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

சிரிப்பதெல்லாம் சிரித்தாலும் ஒரு விஷயத்தில் வாயடைத்துப் போகிறது. 1962-ல் இந்த ஊரைத் தொழில் நகரமாக அறிவித்தார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஆறு நாறியது, மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீரைத் தனிக் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினார்கள், அடியில் படிந்த சேற்றை வாரினார்கள். இப்போது கடலிலிருந்து சால்மன் மீன் ஏறி வருகிறது. 2019-ல் இந்தக் கரையை நாட்டின் இரண்டாவது தேசியத் தோட்டமாக அறிவித்தார்கள். இத்தனைக்கும் தொழிற்சாலைகள் எங்கேயும் ஓடிவிடவில்லை. அதே இடத்தில்தான் ஷிஃப்ட் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏரித் தண்ணீராகக் கிளம்புகிற நம் அடையாறு பட்டணத்துக்குள் என்ன நிறத்தில் போகிறது என்பதை நினைத்தால், இவர்கள் முகமூடி போட்டு மிதிப்பதைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் செய்கிறேன்.

கடைசியாக, அத்தையிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். கரையில் நாலு கிலோமீட்டருக்கு மூங்கில் தோப்பு என்று பேர் பெற்ற இடம் இருக்கிறது. அந்தப் பக்கத்து மூங்கில்களில் குளிர்காலம் பூராவும் ராத்திரி தங்கக் காக்கைகள் வருகின்றன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு லட்சம் இருக்கும் என்கிறார்கள். சைபீரியாப் பக்கத்திலிருந்து வருகிற சாதி. சாயங்காலம் வானமே கறுத்துப்போகிறது. ஊரே கழுத்தை நிமிர்த்தி வேடிக்கை பார்க்கிறது. தை அமாவாசைக்கு இங்கேயே இருக்கும், ஆடி அமாவாசைக்குள் ஊர் திரும்பிவிடும். நம் மொட்டைமாடியில் ஒரு காக்கைக்காக அரைமணி நேரம் தொண்டை கிழியக் கத்துகிறோமே! இங்கே ஒரு வடையோடு போய் நின்றால் நம் தாத்தாவை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? எல்லாருக்கும் படைப்பதென்றால் என் சம்பளம் போதாது.

சித்திரையில் வருகிறேன். கொட்டகையில் கிடக்கிற சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். டியூபை மட்டும் மாற்றி வையுங்கள். உங்களுக்கும் ஒரு முகமூடி வாங்கி வருகிறேன். நம் தெரு நாய்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்