ராணிக்குத் தலைவலி, மதுரைக்குத் தீ

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. நீ குடுத்த கதையக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு முழுசாப் படிச்சேன். காயிதம் நல்ல காயிதம். அச்சும் பளிச்சுனு இருக்கு. கதை எப்படீன்னு கேக்கியா? அதுக்குத்தான் வாரேன், பறக்காத.

ஒன் ஆளு பட்டணம் போறான். வேலை போயிருது. அப்புறம் காதலிச்ச பிள்ள போயிருது. அப்புறம் ஆத்தாக்காரி போய்ச் சேந்துருதா. அப்புறம் மழை பெய்யுது. கடைசியில பஸ்ஸுல எவனோ விட்டுட்டுப் போன பை ஒண்ணு கெடைக்குது. பைக்காரன் யாருன்னு பாத்தா, அவங்க அய்யாவுக்குப் பழைய கூட்டாளி! ஒடனே வேலை, வீடு, சுபம். மருமவனே, இது கல்யாண வீட்டு மொய் நோட்டு. வந்தவன் பேரெல்லாம் வரிசையா இருக்கு, ஒருத்தனுக்கு ஒருத்தன் என்ன ஒறவுன்னு மட்டும் தெரியாது.

மூஞ்சியத் தூக்காத. ஃபார்ஸ்டர்னு ஒரு வெள்ளைக்காரரு 1927-ல நாவலப் பத்திப் புஸ்தகம் போட்டாருன்னு பொங்கலுக்கு வந்தப்ப நீதான அளந்தே? ராஜா செத்தான், பொறவு ராணி செத்தான்னா அது வெறும் கதை. துக்கம் தாங்காம ராணி செத்தான்னாத்தான் கதைப்பின்னல்னு சொன்னாராமே. மனுசன் சரியாத்தான் சொல்லியிருக்காரு. ஆனா அதுக்கு ஏம்ப்பா லண்டனுக்கு டிக்கெட் எடுக்கணும்? சிலப்பதிகாரத்துல பாண்டியன் சிம்மாசனத்துலயே செத்து விழுதான், அவன் போன பொறவு இருக்கமாட்டாம கோப்பெருந்தேவியும் போயிருதா. உள்ளூருச் சரக்குப்பா அது.

பின்னலு எப்படி விழுதுன்னு தெரியணும்னா முன்னால ஓடாத, பின்னால நட. ராஜா ஏன் செத்தான்? குத்தமில்லாத கோவலனக் கொல்லச் சொன்னதுக்கு. ஏன் சொன்னான்? விசாரிக்கல. ஏன் விசாரிக்கல? அவசரம். என்னய்யா அப்பிடி அவசரம், பகைவன் கோட்டையில ஏறிட்டானா? இல்ல. வீட்டுக்காரிக்குத் தலைவலி!

சிரிக்காத. ஆட்டக்காரிக பாட்டுலயும் கூத்துலயும் ராஜா மனசு சொக்கிப் போச்சுன்னு ராணிக்குக் கோவம். சபையில சண்டை போட முடியுமா? தலைவலின்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. மந்திரிகள விட்டுட்டு இவன் சமாதானம் பண்ண ஓடுதான். அந்தப்புரத்து வாசல்ல வந்து விழுந்து கும்பிடுதான் பொற்கொல்லன்: “காணாமப் போன சிலம்போட கள்ளன் அகப்பட்டுட்டான் மகாராசா!” பொண்டாட்டி கோவத்துக்கு மருந்து தானா வந்து நிக்குது. விசாரிப்பானா? கொன்னுட்டுச் சிலம்பக் கொண்டாங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டான். காலையில சபையில வச்சு இதே சேதி வந்திருந்தா, கோவலன் பொழைச்சு ஊருக்குப் போயிருப்பான்.

ஊழ்வினைதான் காரணம்னு அத எழுதுன இளங்கோவடிகளும் சொல்லுதாரு. ஆனா விதின்னு எழுதிட்டு அவரு வெத்தல போடப் போகலடா. அந்த விதிக்குக் காலு மொளைக்க ஒரு பொம்பள கோவம், ஒரு புருசன் அவசரம், ஒரு திருடன் பயம் எல்லாத்தையும் தேடித்தேடி வச்சிருக்காரு. நீ விதியவும் வைக்கல, காலையும் வைக்கல. மழைய மட்டும் வச்சிருக்கே.

இப்ப நீ மடக்குவே, தெரியும். “மாமா, மதுரையில எத்தன பொற்கொல்லன்! ராணி சிலம்பத் திருடுனவன் கிட்டயே கோவலன் சிலம்பு விக்கப் போய் மாட்டுததும் எம் பை மாதிரித் தற்செயல்தான?” நல்ல கேள்வி. தற்செயல்தான், நான் இல்லேங்கல. ஆனா அது எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாரு. ஆள வம்புல தள்ளுத தற்செயல வாசகன் மன்னிச்சிருவான், ஏன்னா நம்ம பொழப்பே அப்பிடித்தான் நடக்கு. வம்புல இருந்து தூக்கிவிடுத தற்செயலுன்னா, எழுதுதவன் கையி உள்ள நொழஞ்சிருச்சுன்னு கண்டுபிடிச்சிருவான். இன்னொண்ணு, கோவலன் எதுக்க வந்ததோட தற்செயலு சரி. அதுக்கு மேல நடக்கது அம்புட்டும் பொற்கொல்லன் குணம். திருட்டு வெளிய தெரியுமுன்ன வேற தலைய மாட்டிவிடணும்னு கணக்குப் போடுதான். ‘இது ராணி போடத்தக்க சிலம்பு, சொல்லிட்டு வாரேன், இங்கனயே இரு’ன்னு பவ்யமாச் சொல்லிட்டுப் போறான். கொல்ல வந்தவங்களே, ஆளப் பாத்தாக் கள்ளனாத் தெரியலையேன்னு தயங்குதாங்க. கள்ளனுகளுக்கு மந்திரம், மருந்து, தந்திரம்னு எட்டு வித்தை இருக்குன்னு அவங்களுக்குப் பாடம் எடுக்கான் பாரு! ஒன் பைக்காரனுக்கு என்ன குணம்? பைய மறக்கத மட்டுந்தான்.

சின்னச் சாமான எங்க வைக்கணும்னும் இளங்கோவடிகள்கிட்டப் படிச்சுக்கோ. கோவலன் பொண்டாட்டி கண்ணகிகிட்ட ரெண்டு சிலம்பு. கோவலன் ஒண்ண மட்டும் எடுத்துட்டு மதுரைக்குள்ள போறான். படிக்கையில அது ஒரு சேதியாவே தோணாது. ரெண்டையும் கொண்டுபோயிருந்தா? கண்ணகி வெறுங்கையோட அழுதுட்டுப் போயிருப்பா. வீட்டுல தங்குன அந்த ஒத்தச் சிலம்புதான் சபையில சாட்சி சொல்லுது. ராணி சிலம்புல முத்து, இவ சிலம்புல மாணிக்கம். உள்ள என்ன பரலுன்னு ஒரு கேள்வி முன்னாலயே எவனாவது கேட்டிருந்தா கண்ணகி கோவத்துல மதுரை எரிஞ்சிருக்காது. அந்தக் கேள்விய நேரத்துல கேக்கவிடாமப் பாத்துக்கிட்டாரு பாரு, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. கோவலன் கண்ணகிக்கு வழித்தொணையா கவுந்தியடிகள்னு ஒரு சமணத் துறவிய அனுப்புதாரு. சாதாரண ஆளில்ல. வழியில கேலி பேசுன ரெண்டு பேர நரியாப் போகச் சபிச்ச அம்மா. அவ்வளவு சக்தி கையில இருக்கையில நீயா இருந்தா என்ன செய்வே? கொலைக்களத்துக்கு அந்தம்மாவ ஓட்டமா ஓடவிட்டு, வாள நிறுத்தி, சுபம் போட்டிருப்பே. அவரு கோட்டைக்கு வெளிய துறவிக இருக்க எடத்துலயே அந்தம்மாவ நிப்பாட்டி, கண்ணகிய மாதரிங்கிற இடைச்சி வீட்டுல ஒப்படைக்கச் சொல்லிட்டாரு. அற்புதம் வரத்தான் செய்யுது, ஊரையே எரிக்கு. ஆனா மனுசன் செய்ய வேண்டிய தப்பையெல்லாம் செஞ்சு முடிச்ச பொறவுதான் வருது.

எங்க காலத்துல சங்கரதாஸ் சுவாமிகள் கோவலன் நாடகம்னா வண்டி கட்டிக்கிட்டுப் போவோம். கோவலன் சாவான்னு கைப்பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சேதான் விடிய விடிய உக்காந்தோம். முடிவு தெரிஞ்சுக்க எவன் வந்தான்? எந்த எடத்துல தப்பிச்சிருக்கலாம், எப்பிடித் தப்பவிட்டான்னு பாக்கத்தான கூட்டம்!

அதனால கதையத் தூக்கிப் போட்டுறாத, காயிதம் வெலை கூடுன காயிதம். அந்த வேலைய ஒன் ஆளே ஒரு வாய்க்கொழுப்புல தொலைக்கட்டும். அந்த வாய்க்கே காதலியும் பயந்து ஒதுங்கட்டும். மழை வேணும்னா பெய்யட்டும், நம்மூருக்குத் தேவைதான். ஆத்தாகிட்ட அடுத்த மாசம் வாரேன்னு அவன் ஒரு பொய் சொல்லட்டும், அவ அத நம்பட்டும். அவளக் கொல்லுததும் வைக்கதும் பொறவு ஒன் கையில இருக்காது. அந்தப் பைய மட்டும் பஸ்ஸுலயே விட்டுட்டு வா. கண்டக்டரு பாத்துக்கிடுவாரு.