பட்டி பார்த்த சுவரின் பெருமை

புது அடுக்குமாடியில் சாவி வாங்கும் நாளன்று எல்லோரும் மாடுலர் கிச்சனைப் புகழ்கிறார்கள், பால்கனிக் காற்றைப் புகழ்கிறார்கள். சுவரை யாரும் புகழ்வதில்லை. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் ஓட்டியதாகச் சொல்லப்படும் அந்தச் சுவர், கை வைத்தால் வழுக்குகிறது. அதற்குச் சேர வேண்டிய புகழை நானாவது கொடுத்துவிடுகிறேன்.

முதலில் அதன் சுறுசுறுப்பு. அந்தக் காலத்துக் கொத்தனார்களுக்குப் பொறுமை மட்டும்தான் தெரியும். சிமென்ட் பூச்சு வேலை முடிந்ததும் ஒரு வாரம் விடாமல் தண்ணீர் அடிப்பார்கள். பிறகு 28 நாள் கணக்கு வைத்துக் காயவிடுவார்கள். ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்க்காத சுவரில் வண்ணம் அடிக்கக் கை வராது. நம் சுவருக்கு அந்தச் சோம்பல் இல்லை. ஐப்பசி அடைமழையில் பூச்சு, கார்த்திகையில் பட்டி, மார்கழியில் பெயின்ட், தை முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். பூச்சுக்குள் இருக்கும் தண்ணீர் ஊரைப் பார்க்க வெளியே கிளம்புமுன் அதன் வாசலை அடைத்து உள்ளேயே பத்திரமாக வைத்துக் கொள்கிறது.

அதன் தாராளமும் அப்படித்தான். புதுச் சிமென்ட் பூச்சின் காரம் பி.எச். அளவில் 12-க்கு மேல் இருக்கும். ஈரத்தோடு சேர்ந்து அது வெளியே வரும்போது நிறத்தையும் அரிக்கும், பெயின்டின் பிடிப்பையும் அரிக்கும். ஒரே சாயலுக்குப் பணம் கட்டியவர் ஆறு மாதத்தில் அதே சுவரில் திட்டுத் திட்டாக நாலைந்து சாயல் பெறுகிறார். கூடுதலாக ஒரு பைசா கேட்கப்படுவதில்லை.

பட்டியின் பெருந்தன்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளை சிமென்ட் பட்டி இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டிய மெல்லிய பொருள். மேடுபள்ளத்தைச் சரிசெய்வது பூச்சு வேலையின் பொறுப்பு. ஆனால் மட்டப்பலகை படாத இடம், தூக்குக்குண்டு தொங்காத மூலை, கன்சீல்டு பைப்புக்கு வெட்டி அரைகுறையாக அடைத்த காடி என்று எல்லாவற்றிலும் பட்டி இறங்கி, அடுத்தவர் பிழையைத் தன் மேல் போட்டுக் கொள்கிறது. சுவரை நனைத்துவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த பூச்சு பட்டியின் தண்ணீரை உறிஞ்சிவிடும், அதில் உள்ள சிமென்ட் இறுகாமல் பொடியாகவே நின்றுவிடும். நனைக்கிற தண்ணீரை மிச்சம் பிடிக்கும் மேஸ்திரிகள் நம்மிடம் நிறைய. காலையில் கரைத்த பட்டி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுகத் தொடங்கினால் தூக்கிப் போடவும் மாட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி சுவரில் ஏற்றுவார்கள். அந்தச் சிக்கனத்தைச் சுவர் பிற்பாடு மறக்காமல் நினைவுபடுத்துகிறது.

பிரைமரின் சிறப்பு, அது இல்லாமலே இருக்க முடிவதில் இருக்கிறது. உப்புத்தாள் தேய்த்த பட்டியின் மேல் நுண்ணிய பொடி படிந்திருக்கும். ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் உறிஞ்சும். அந்தப் பொடியைக் கட்டி, உறிஞ்சலை ஒரே சீராக்கி, மேலே வரும் எமல்ஷனுக்குப் பிடிமானம் கொடுப்பது பிரைமர். வெள்ளைக்கு மேல் வெள்ளை என்பதால் அடித்தாலும் தெரியாது, அடிக்காவிட்டாலும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத காரியத்துக்குச் செலவு செய்யக் கூடாது என்ற கொள்கையில் உறுதியாக நிற்கிற ஒப்பந்தக்காரர்கள், எமல்ஷனிலேயே கை நிறையத் தண்ணீர் விட்டு முதல் கோட்டை ஓட்டிவிடுகிறார்கள். மதிப்பீட்டுத் தாளில் மட்டும் பிரைமர் கோட் சதுர அடிக் கணக்கோடு குறைவில்லாமல் நிற்கிறது.

உப்புத்தாள் தேய்க்கிறவர் இல்லாமல் இந்த வழவழப்பு ஏது? சன்னலைச் சாத்திய அறையில் பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பார். பக்கவாட்டில் விழும் அந்த வெளிச்சத்தில் தகடு இழுத்த கோடுகள் நிழலாக எழும். ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கரைப்பார். கொஞ்ச நேரத்தில் இமை மயிர், காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளை. வெள்ளை சிமென்டும் டோலமைட்டும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த பொடி அது. மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டும் அவர் வீட்டிலிருந்து கொண்டு வந்ததுதான். கம்பெனிக்கு அதிலும் செலவில்லை. சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து இருமுகிறார். எத்தனை நேர்த்தியான சுவர் பாருங்கள், அந்த இருமலில் ஒரு கீறல்கூட அதன் மேல் விழவில்லை.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவர்களோடு இதை ஒப்பிட்டால் நம் சுவரின் உயர்வு நன்றாக விளங்கும். அங்கே சுண்ணாம்பை ஊற வைத்து, அரைத்து, அடுக்கின் மேல் அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டை வெண்கருவும் சேர்த்து, கல்லால் இழைத்து மெருகேற்றினார்கள். பல தலைமுறை கடந்தும் அவற்றில் எத்தனையோ சுவர்கள் பெயின்ட் கேட்காமல் கண்ணாடிபோல் நிற்கின்றன. அவற்றால் எந்தப் பெயின்ட் கடைக்கு வியாபாரம்? நம் சுவர் மூன்றாம் வருஷமே கடைக்காரரையும் பெயின்டரையும் வீட்டுக்கு அழைத்துவிடுகிறது.

அதன் நேர்மையைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். குளியலறையை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முதல் கொப்புளம் கிளம்பும். நகத்தால் கிளப்பினால் சில்லாக வரும். அதைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய தோலாக உரிந்து பின்புறம் மாவுபோல் வெள்ளை ஒட்டியிருந்தால், பட்டிப் பொடியைக் கட்ட பிரைமர் வரவில்லை. தடித்த சில்லின் முதுகில் சாம்பல் நிறம் இருந்தால், பட்டியே பூச்சைப் பிடிக்கவில்லை. வெள்ளை இழை இழையாக உப்புப் பூத்திருந்தால், உள்ளே அடைத்து வைத்த தண்ணீரோ புதிதாகக் கசியும் தண்ணீரோ வழி தேடுகிறது. இவ்வளவு தெளிவான வாக்குமூலம் கட்டியவர்களிடமிருந்து ஒருநாளும் கிடைக்காது. அவர்களிடம் கேட்டால், சன்னலைத் திறந்து வையுங்கள் சார், காற்றோட்டம் போதவில்லை என்பார்கள்.

அந்தச் சில்லைத் தூக்கிப் போட வேண்டாம். படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் புகார் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் வேலைத்தரக் குறையை 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்யச் சொல்கிறது. மேலே ஒரு கோட் இழுத்துவிட்டுப் போகலாம் என்று ரோலரோடு ஆள் வருவார். அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். சுவர் காயும் வரை பெயின்ட் டப்பாவைத் திறக்க விடாதீர்கள். பிறகு உதிர்கிற பட்டியைச் சிமென்ட் தெரியும்வரை சுரண்டட்டும், தேய்க்கிறவருக்கு நல்ல முகக்கவசம் வரட்டும், பிரைமர் டப்பாவின் மூடி உங்கள் கண்முன்னே உடையட்டும்.