தரை டிக்கெட்டில் ஷேக்ஸ்பியர்

ஈஸ்ட் ஹாம், லண்டன்.

அன்புள்ள மதினிக்கு,

அண்ணனுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? "லண்டன்ல இருந்துக்கிட்டும் மாவரைக்கிற கதையத்தான் சொல்லுத, ஊரைச் சுத்திப் பாத்த கதை ஒண்ணையும் காணுமே" என்று கேட்டீர்களே, இந்தாருங்கள் ஒரு கதை. போனில் சொன்னால் அத்தை நடுவில் புகுந்து தன் கதையாக்கிவிடுவார். அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது யாரோ கிளப்பிவிட்டார்கள். ஷேக்ஸ்பியர் நாடகம் போட்ட ஊரில் குடியிருக்கிறோம், ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை, வெட்கமாக இல்லையா என்று. எல்லாருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. டிக்கெட் யார் எடுப்பது என்றதும் வெட்கம் போன இடம் தெரியவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். குலதெய்வம் கோயிலுக்கு வேன் பேசுகிற வேலை நம் வீட்டில் யார் தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியாதா?

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் குளோப் என்று ஒரு நாடகக் கொட்டகை. ஷேக்ஸ்பியர் பங்குதாரராக இருந்த பழைய குளோப் 1599-ல் கட்டியது. 1613-ல் எட்டாம் ஹென்றி நாடகம் நடக்கும்போது ராஜா வருகைக்கு பீரங்கி வெடிக்கப் போய், பொறி கூரையில் விழுந்து கொட்டகை முழுசும் எரிந்துவிட்டது. ஒரு ஆளின் கால்சட்டையில் தீப்பிடித்து, பீரை ஊற்றி அணைத்தார்களாம். இதை நான் வாட்ஸப் குரூப்பில் எழுதியபோது இவுக கேட்ட ஒரே கேள்வி, இப்பவும் உள்ளே பீர் விற்கிறார்களா என்பதுதான். மறு வருஷமே திரும்பக் கட்டினார்கள். 1642-ல் நாடகமே பாவம் என்றவர்கள் கை ஓங்கி எல்லாக் கொட்டகையையும் மூட வைத்தார்கள். பிறகு குளோப்பை இடித்தும் போட்டார்கள். இப்போது இருப்பது 1997-ல் திறந்தது. சாம் வானமேக்கர் என்று ஒரு அமெரிக்க நடிகர் 1949-ல் லண்டனுக்கு வந்து குளோப் இருந்த இடத்தைத் தேடிப் போனால், ஒரு பீர் ஆலைச் சுவரில் பதித்த தகடு மட்டும்தான் இருந்ததாம். அதிலிருந்து காசு வசூலித்து, ஆள் சேர்த்து, வழக்கு வம்பெல்லாம் பார்த்து, கடைசியில் திறப்பு விழாவைப் பார்க்காமலே 1993-ல் போய்ச் சேர்ந்தார். எங்கள் குரூப்பைக் கட்டி மேய்த்த பிறகு எனக்கு அந்த மனுஷன் மேல் தனி மரியாதை.

குரூப்பில் வந்த கேள்விகளைக் கேளுங்கள். பார்க்கிங் உண்டா? கதாநாயகி யார்? ஏசி உண்டா? (நடுவில் கூரையே கிடையாது, ஏசிக்கு எங்கே போக.) சரி, வாக்கெடுப்பு வைப்போம் என்று 'வருகிறோம்', 'வரவில்லை', 'பார்ப்போம்' என்று மூன்றைப் போட்டேன். 'பார்ப்போம்' அமோகமாக ஜெயித்தது.

திடீரென்று ஒரு நாள் கூட்டம் எகிறியது. காரணம் ஜிசிஎஸ்இ. இங்கே பதினாறு வயசில் எழுதுகிற பரீட்சை. ஆங்கில இலக்கியம் எடுத்தால் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று கட்டாயம். நேரில் பார்த்தால் மார்க் கூடும் என்று எவளோ சொல்லிவைக்க, டியூஷனுக்குப் பிள்ளை அனுப்புகிற அத்தனை வீட்டிலும் ஆளுக்கு மூன்று டிக்கெட் கேட்டார்கள். நாங்கள் பார்க்கப்போவது 'காமெடி ஆஃப் எரர்ஸ்', பிள்ளைகள் படிப்பது 'மக்பெத்' என்று தெரிந்ததும் வந்த கூட்டம் வந்த வழியே கலைந்தது. "பாடத்துல இல்லாததை எதுக்குப் பாக்கணும்?" என்று ஒருத்தி நிஜமாகவே கேட்டாள். கடல் தாண்டி வந்தாலும் நாம் நாம்தான், மதினி.

நாடகத் தேர்விலும் மனக்கசப்பு. பாளையங்கோட்டை டாக்டருக்கு ஹாம்லெட்தான் வேண்டும். 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் சிவாஜி செய்ததுக்கு மேல் இவர்கள் என்ன செய்துவிடுகிறார்கள் என்று ஒரு கை பார்க்க வேண்டுமாம். எதிர் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஒரே போடாகப் போட்டார்: "அழுகைக் கதையெண்டா நான் வரேல்லை. காசு குடுத்து அழுறதோ?" ஷேக்ஸ்பியர் எழுதினதிலேயே நீளம் குறைந்தது இந்த நாடகம்தான் என்று நான் சொன்ன பிறகு ஆண்கள் தரப்பின் முழு ஆதரவும் கிடைத்தது.

அடுத்து டிக்கெட். மேடைக்கு முன்னால் வானம் பார்த்த முற்றம். 700 பேர் நிற்கலாம், 5 பவுண்டிலிருந்து டிக்கெட். சுற்றிலும் மூன்றடுக்கு மாடத்தில் மரப்பெஞ்சு. அதற்கு விலை எங்கேயோ போகிறது. முற்றம் என்பது நம் டூரிங் டாக்கீஸ் தரை டிக்கெட் மாதிரிதான், ஒரே வித்தியாசம், தரையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் ஒரு தொண்டர் வந்து சிரித்துக்கொண்டே எழுப்பிவிடுவார். மணலைக் குவித்து மேடை கட்டி உட்கார்ந்து படம் பார்த்த பரம்பரைக்கு இது ஆகுமா? "காசு குடுத்து நிக்கவா? நிக்கதுக்கு அவன்லா நமக்குக் காசு தரணும்" என்றார் சாத்தான்குளத்து அண்ணாச்சி. அவர் கணக்காளர். "விடிய விடிய நிண்டு காத்தவராயன் கூத்துப் பாத்தனாங்கள். ரெண்டு மணித்தியாலம் நிக்கேலாதோ?" என்று அக்கா கேட்டதில் முற்றத்துக்கு ஆள் சேர்ந்தது. அத்தைக்கும் துணைக்கு எனக்கும் மாடத்தில் எடுத்தேன். அண்ணாச்சி தானே தேடிப்பிடித்து, தூண் மறைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி விலை குறைத்து விற்கிற இடத்தில் ஒன்று என்னை எடுக்கச் சொன்னார். பெஞ்சுக்கு மெத்தை தனி வாடகை என்றதும்தான் கொதித்துப்போனார். 1599-ல் இங்கே வந்த ஒரு சுவிஸ்காரர் எழுதி வைத்திருக்கிறார், அண்ணாச்சி: நிற்க ஒரு பென்னி, உட்கார இன்னொரு பென்னி, மெத்தையோடு நல்ல இடத்தில் உட்கார மூன்றாவது பென்னி என்றேன். "நானூறு வருசமா இதே வசூலா!" என்றார். குரலில் கொஞ்சம் தொழில் மரியாதையும் இருந்தது.

சனிக்கிழமை 2 மணிக்கு நாடகம். நம் ஆட்களை உத்தேசித்து 12 மணிக்கே வரச் சொன்னேன். அவர்களும் என்னை உத்தேசித்து 1 மணி என்று வைத்துக்கொண்டார்கள்.

வடகரையிலிருந்து நடைபாலம் ஒன்றில் ஆற்றைக் கடக்க வேண்டும். 2000-ல் திறந்த அன்றைக்கு ஜனம் நடந்த நடையில் அந்தப் பாலம் ஆடியதாம். இரண்டு நாளில் மூடி, 2002-ல்தான் திரும்பத் திறந்தார்கள். டாக்டர் இதை நட்டநடுப் பாலத்தில் வைத்து விளக்க, அத்தை கம்பியைப் பிடித்தவர் கரை வரும்வரை விடவில்லை.

ஆற்றங்கரைச் சுவரில் சாப்பாட்டுக் கடை விரித்தோம். நீங்கள் அனுப்பிய புளிக்காய்ச்சலில் கிளறிய சோறு, வறுத்த நிலக்கடலை, முறுக்கு. போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்று சிலருக்குக் கூச்சம். இதில் என்ன கூச்சம்? பக்கத்திலேயே ரோஸ் என்ற பழைய கொட்டகை இருந்த இடத்தை 1989-ல் தோண்டியபோது ஹேசல் கொட்டைத் தோடு குவியலாகக் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்து ரசிகர்களும் கொறித்துக்கொண்டேதான் பார்த்திருக்கிறார்கள்.

அப்போது ஆவடித் தம்பியின் போன். "அக்கா, ஸ்ட்ராட்ஃபோர்டு வந்துட்டோம். தியேட்டர் எந்தப் பக்கம்?"

ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு ஏவன் ஆற்றங்கரையில், லண்டனிலிருந்து 150 கிலோமீட்டர் போல இருக்கும். லண்டனுக்குள்ளேயே இன்னொரு ஸ்ட்ராட்ஃபோர்டு, எங்கள் வீட்டுக்குப் பக்கம். 2012 ஒலிம்பிக் நடந்த இடம், இப்போது பெரிய மால். நாங்கள் வரச் சொன்னது இரண்டுக்குமே இல்லை. "கூகுள்ல ஷேக்ஸ்பியர்னு போட்டா ஸ்ட்ராட்ஃபோர்டுன்னுதானேக்கா வருது" என்கிறான். ஜூபிலி ரயிலைப் பிடித்து லண்டன் பிரிட்ஜில் இறங்கு என்றேன். பின்னாலிருந்து அவன் பெண்டாட்டி, "மால்ல ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டு வர்றோம்க்கா" என்றாள். ஒரே பெயரில் ஆளுக்கு ஆள் இருந்து ஊர் குழம்புவதுதான் நாடகத்தின் கதையே. மேடையில் நாடகம் தொடங்கும் முன் எங்கள் தரப்பில் முதல் காட்சி முடிந்துவிட்டது.

இந்த நாடகத்துக்கு அப்படி ஒரு ராசி உண்டு. 1594 டிசம்பர் 28-ம் தேதி கிரேஸ் இன் என்ற வக்கீல்கள் கழகத்தில் இதைப் போட்டபோது, கூட்டம் மேடை வரைக்கும் ஏறி, அழைத்த விருந்தாளிகள் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போய், அந்த ராத்திரிக்கே 'குளறுபடி ராத்திரி' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். வக்கீல்களுக்கே அந்தக் கதி.

வாசலில் காத்திருக்கும்போது டாக்டருக்கு இன்னொரு கோபம். 2012-ல் இதே கொட்டகையில் ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களை 37 மொழிகளில் போட்டார்கள். இந்தி வந்தது, உருது வந்தது, வங்காளம், குஜராத்தி வந்தது. இதே காமெடி ஆஃப் எரர்ஸை ஆப்கானிஸ்தான் குழு தாரி மொழியில் நடித்தது. தமிழ் இல்லை. "பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யனாக்கி மேடையேத்தின ஊருய்யா நம்ம ஊரு" என்று வரிசையில் நின்ற ஒரு ஜப்பான்காரரிடம் தமிழில் முறையிட்டார். அவரும் தலையாட்டினார்.

உள்ளே போனால், மதினி, கண்ணைப் பறிக்கிறது. ஓக் மரம், மரஆணி, மேலே நாணல் கூரை. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் கூரை வேய விட்டது இந்த ஒரு கட்டடத்துக்குத்தான் முதலில். ஆனால் கூரை மேலேயே தண்ணீர் பீய்ச்சும் குழாய் வைத்திருக்கிறார்கள். பட்டபிறகு வந்த புத்தி.

கதையை அத்தைக்கு ரயிலிலேயே சொல்லியிருந்தேன். ஒரு வியாபாரிக்கு இரட்டைப் பிள்ளைகள். அவர்களுக்கு வேலைக்காரர்களாக இன்னொரு இரட்டை. கப்பல் உடைந்து குடும்பம் சிதறுகிறது. வருஷங்கள் கழித்து, மற்றவர் இருப்பது தெரியாமல் எல்லாரும் ஒரே ஊரில், ஒரே நாளில். "அவ்வளவுதானா? எங்க வீட்டுப் பிள்ளையில எம்.ஜி.ஆர் தனியாளா செஞ்சாரே" என்றார் அத்தை.

தொடங்கிப் பத்து நிமிஷத்தில் மழை. முற்றத்தில் குடை விரிக்கக் கூடாது, பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். நாடகமும் நிற்காது. நம் ஆட்கள் ஒரே நிறத்தில் பிளாஸ்டிக் கோட்டு வாங்கி மாட்டிக்கொண்டார்கள். மேலிருந்து பார்த்தால் டாக்டர் எது, இவுக எது என்று எனக்கே தெரியவில்லை. பாதியில் ஸ்ட்ராட்ஃபோர்டு கோஷ்டி ஷாப்பிங் பைகளோடு வந்து சேர்ந்தது.

அடி வாங்குகிற வேலைக்காரன் ட்ரோமியோ மேடையிலிருந்து முற்றத்துக்குள் குதித்து ஓடிவந்தான். வந்தவன் யாழ்ப்பாணத்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். எஜமான் கையை ஓங்கிக்கொண்டு எதிரே. அக்காவுக்கு நாடகம் மறந்துவிட்டது. பிளாஸ்டிக் கோட்டுக்குள்ளிருந்து விரலை நீட்டி, "அவனை அடியாதையும்! பிழை செய்தது மற்றவன்!" என்றார். ஒரு விநாடி அந்த நடிகர் திகைத்து, அக்காவுக்கு இடுப்பு வளைத்து வணக்கம் போட்டுவிட்டு மேடைக்குத் திரும்பினார். கொட்டகை அதிர்ந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஒருத்தனுக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டி, பேயோட்ட பிஞ்ச் என்று ஒரு ஆளைக் கூட்டிவருகிறார்கள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோடாங்கில்லா! வேப்பிலை எங்க?" மொழிபெயர்க்கும் வேலை அதோடு எனக்கு மிச்சம்.

கடைசிக் கட்டத்தில் கன்னிமாடத்துத் தலைவி முதல்தடவையாக வெளியே வந்தாள். இரண்டு வசனம் பேசியிருக்க மாட்டாள். அத்தை என் தொடையில் தட்டி, "இவதான் பெத்தவ" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "கடைசி ரீல்ல ஒரு வயசான பொம்பள சும்மா வருவாளா?" முன்வரிசை வெள்ளைக்காரர் திரும்பி, உங்கள் அம்மா என்ன சொல்கிறார் என்று மரியாதையாகக் கேட்டார். நானும் மரியாதையாகச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அது அப்படியே நடந்ததும், அவர் அத்தையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பாராட்டைவிட வருத்தம் அதிகம். நானூறு வருஷத்துக் கதையில் முடிவைச் சொல்லிவிட்டார்களாம்!

எல்லாம் சேர்ந்ததும் நடிகர் அத்தனை பேரும் வரிசையாக நின்று ஆடினார்கள். அந்தக் கொட்டகை வழக்கம் அது. முற்றத்தில் ஆவடித் தம்பி ஷாப்பிங் பையோடு சேர்ந்து ஆடினான். நின்றவர்கள் ஒருத்தர்கூடக் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை. மெத்தையில் உட்கார்ந்திருந்த அத்தைக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இப்போது ஹாம்லெட்டுக்கு எப்போது என்று டாக்டர் தினமும் கேட்கிறார். அண்ணாச்சி மட்டும் டிக்கெட் காசை இன்னும் தரவில்லை. இரட்டையர்களில் ஒருத்தன் நின்றதெல்லாம் தூணுக்குப் பின்னாலேயாம். பார்த்தது பாதி நாடகம், ஆகவே பாதிக் காசு என்று கட்டம் போட்டுக் கணக்கு அனுப்பியிருக்கிறார். "இரட்டைப் பிள்ளைதானே அண்ணாச்சி, ஒருத்தனைப் பாத்தா ரெண்டு பேரையும் பாத்த கணக்குல்லா" என்று பதில் போட்டேன். நீலக் குறி விழுந்துவிட்டது, காசு விழவில்லை.

புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டது. டாக்டரின் மாமியார் அடுத்த மாதம் புறப்படுகிறார். அவரிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள், மூடியை இறுக்கித் துணி கட்டி.

இப்படிக்கு,
அன்பு நாத்தனார்