நான்கு நொடி வேகம்

லாஸ் ஏஞ்சலிஸில் தினமும் ஆபீஸ் போய்வர போர்ஷே 911 வாங்கலாமா, கார்வெட் வாங்கலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 911-க்குச் சுமார் நான்கு நொடி போதும். கார்வெட்டுக்கு அதுகூட வேண்டாம். ஆனால் 405 நெடுஞ்சாலையில், காலை எட்டரை மணிக்கு, முன்னால் நிற்கும் லாரியின் பம்பரைத்தான் தொட முடியும்.

911-இல் பின்சீட் உண்டு. பையை வைக்கலாம், பெரியவர்களை வைத்தால் உறவு முறியும். கார்வெட்டில் அந்த வம்பே இல்லை, மொத்தமே இரண்டு சீட். கூடுதல் காசு கொடுத்தால், மேடு வரும்போது மூக்கைத் தூக்கிக்கொள்ளும்; ஜிபிஎஸ் உதவியால் 1000 இடங்கள் வரை ஞாபகமும் வைத்துக்கொள்ளும். பறப்பதற்காக வாங்கிய வண்டி வேகத்தடைகளை மனப்பாடம் செய்கிறது!

எதை வாங்கினாலும் சரி, பக்கத்து லேன் பழைய கொரோலாவும் அதே நேரத்துக்குத்தான் ஆபீஸ் போய்ச் சேரும். ஆகவே, நிறம் பார்த்து வாங்குங்கள்.